மல்லாட்டையும் மணிலாவும்: யாரோட பேச்சு மொழி, யாரோட பேச்சு வழக்கு?

இந்த எபிசோட் பிலிப்பைன்ஸ்ல யார் என்ன மொழி பேசுறாங்க என்பதைப் பத்தி. "அதுக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?"னு கேக்குறவங்க ஒரு வேலை பண்ணுங்க. உங்க ஆபீஸ்ல விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை பக்கத்து ஆள் யாராவது கண்டிப்பா இருப்பாங்க. வேர்க்கடலைக்கு அவங்க ஊர்ல என்ன பேருன்னு கேளுங்க. மல்லாட்டைம்பாங்க. கொஞ்சம் நிதானமா சொன்னா மல்லாக்கொட்டை. இன்னும் நிதானமா சொன்னா மணிலாக்கொட்டை. அந்தப் பக்கத்து மார்க்கெட் நிலவரச் செய்திகள்ல இன்னிக்கும் "மணிலா மூட்டை வரத்து"ன்னு எழுதுவாங்க. மணிலான்னா பிலிப்பைன்ஸோட தலைநகர் மணிலாவேதான்.

என் அம்மா திண்டிவனம் பக்கம். தி.நகர்ல இருபது வருஷம் குடியிருந்தும் அவங்க வாயில வேர்க்கடலைன்னு வந்ததே இல்லை. என் கல்லூரி நண்பர்கள் வீட்டுக்கு வந்தப்ப "மல்லாட்டை சாப்பிடுறீங்களா?"ன்னு கேட்டு, அவங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! கோயம்புத்தூர்க்காரன் நிலக்கடலைன்னு சொன்னா யாரும் சிரிக்கிறதில்லை. மல்லாட்டைன்னா மட்டும் பட்டிக்காடு. இத்தனைக்கும் மூணு பேர்லயும் வெளிநாட்டுப் பயணம் பண்ண பேர் அது ஒண்ணுதான்.

வேர்க்கடலையோட சொந்த ஊர் தென்னமெரிக்கா. ஸ்பெயின்காரங்க பசிபிக் கடல் வழியா அதை மணிலாவுக்குக் கொண்டுவந்தாங்க. தகாலோக் மொழியில அதோட பேர் மனீ. கரீபியன் தீவுகள்ல இருந்த ஒரு பழங்குடி மொழியில பிறந்து, ஸ்பானிஷ் வழியா வந்த சொல் அது. நம்ம ஊர்ல வந்த ஊரையே பேரா வெச்சுட்டோம். அவங்களும் சும்மா இல்லை. பெரிய வெங்காயத்துக்கு அவங்க வெச்ச பேர் சிபுயாஸ் பாம்பே. பாம்பே வெங்காயம்! நாம அதையே பல்லாரிங்கிறோம். எந்த ஊர்லயும் வெங்காயம் அடுத்த ஊர்க்காரன்தான் போல.

மணிலாவுக்கும் மெட்ராஸுக்கும் நடுவுல அப்போ நிஜமான கப்பல் போக்குவரத்து இருந்துச்சு. மெக்ஸிகோவோட அகாபுல்கோ துறைமுகத்துலருந்து ஸ்பெயின் கப்பல்கள் வெள்ளியை ஏத்திக்கிட்டு மணிலாவுக்கு வரும். அந்த வெள்ளிக்கு இங்கேருந்து போனது சோழமண்டலக் கரைத் துணி. சாந்தோம், பரங்கிப்பேட்டை வணிகர்கள் பதினேழாம் நூற்றாண்டுலயே அந்த ரூட்டுல இருந்தாங்க. ஒரு சிக்கல் என்னன்னா, மணிலா துறைமுகத்துல ஆங்கிலேயருக்கு அனுமதி கிடையாது. அதனால கோட்டைக்குள்ள இருந்த ஆங்கிலேயர்கள், அர்மீனியர் பேர்லயும் போர்ச்சுகீசியர் பேர்லயும் சரக்கை அனுப்பினாங்க. இன்னிக்கு பாஷையில சொன்னா விபிஎன் போட்டு உள்ள போன கதை.

அப்படி மணிலா வணிகத்துல பெரும்பணம் சேர்த்த அர்மீனியர் ஒருத்தர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். பரங்கிமலைப் படிக்கட்டுக்குப் பணம் போட்டவர். 1726-ல சைதாப்பேட்டையில அடையாறு ஆத்துக்குக் குறுக்கே பாலம் கட்டினதும் அவர்தான். மர்மலாங் பாலம்னு பேரு. மாம்பலம்தான் ஆங்கிலேயர் வாயில மர்மலாங் ஆச்சுன்னு சொல்றாங்க. தி.நகர்லருந்து கிண்டிக்கு வேலைக்குப் போற நம்மள்ல பாதிப் பேர் தினமும் தாண்டுற இடம். பழைய வளைவுப் பாலம் போயி 1960-கள்ல புதுசு வந்துச்சு.

உஸ்கான் அங்க ஒரு கல்வெட்டு வெச்சார். மூணு மொழியில. அர்மீனியம், பாரசீகம், லத்தீன். தமிழ் இல்லை. அதுல எனக்குக் கோபம் எல்லாம் இல்லை. பாலத்தைத் தாண்டப் போற மாட்டுவண்டிக்காரருக்காகச் செதுக்கின கல் இல்லையே அது. பணம் போட்டவரோட மொழி, நவாப் தர்பார் மொழி, திருச்சபை மொழி, அவ்வளவுதான். இப்போ அந்தப் பாலத்தோட பேர் மறைமலை அடிகள் பாலம். வேதாசலம்ங்கிற தன் பேரையே மறைமலைன்னு தமிழாக்கிக்கிட்டு, 1916-ல தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினவர். கல்லுல இடமே இல்லாத மொழி, இருநூறு வருஷம் கழிச்சுப் பாலத்துக்கே பேராச்சு.

சரி, வணிகத்தை விட்டுட்டுப் போருக்கு வருவோம். ஏழாண்டுப் போர்ல ஸ்பெயின் பிரான்ஸ் பக்கம் சேர்ந்ததும், மணிலாவைப் பிடிக்க பிரிட்டன் முடிவு பண்ணுது. படை கிளம்பின இடம் மெட்ராஸ். 1762 ஆகஸ்ட் தொடக்கத்துல, ஜெனரல் வில்லியம் டிரேப்பர், அட்மிரல் சாமுவேல் கார்னிஷ் தலைமையில கப்பல்கள் புறப்படுது. அதுல கம்பெனியோட சிப்பாய்கள் சுமார் 600 பேர். செப்டம்பர் கடைசியில மணிலா விரிகுடா, அக்டோபர் 6-ல மணிலா வீழ்ச்சி. மெட்ராஸ் கவுன்சில்ல இருந்த டாசன் டிரேக்தான் அங்க கவர்னர். கொஞ்ச காலம் மணிலாவை ஆண்டது லண்டனைவிட அதிகமா செயின்ட் ஜார்ஜ் கோட்டைன்னு சொன்னா பெரிய தப்பில்லை.

1764-ல பிரிட்டன் மணிலாவைத் திருப்பிக் கொடுத்துட்டுக் கிளம்புது. சிப்பாய்கள் எல்லாரும் கிளம்பலை. கொஞ்சம் பேர் படையை விட்டு ஓடி, மணிலாவுக்குக் கிழக்கே காயின்டாங்கிற ஊர்ல தங்கிட்டாங்க. அங்கேயே கல்யாணம், அங்கேயே குடும்பம். காயின்டா இன்னிக்கு ரிசால் மாகாணத்துல ஒரு பெரிய நகரம். "எங்க முன்னோர் சிப்பாய்"னு சொல்லிக்கிற குடும்பங்கள் இப்பவும் அங்க உண்டு. நிறத்தையும் முகத்தையும் வெச்சு அக்கம்பக்கத்துக்காரங்க அடையாளம் சொல்லுவாங்க.

மெட்ராஸ் படையில அந்தக் காலத்துல ஆள் எடுத்தது கர்நாடகப் பகுதியில. தமிழ், தெலுங்கு, தக்கனி உருது பேசுறவங்க எல்லாம் கலந்துதான் இருந்தாங்க. இந்த மூணுல ஒண்ணுகூட காயின்டாவுல மிஞ்சலை. பேரப்பிள்ளைங்க பேசுறது தகாலோக்.

இதை நீங்க இன்னொரு சிப்பாய்க் கூட்டத்தோட ஒப்பிட்டுப் பாக்கணும். அதே மணிலா விரிகுடாவோட இன்னொரு கரையில கவீத்தே. தெற்கே ரொம்ப தூரத்துல சம்போவாங்கா. ரெண்டு இடத்துலயும் ஸ்பானிஷ் கோட்டை, ஸ்பானிஷ் படை. அங்கெல்லாம் ஸ்பானிஷ் சொற்களும் உள்ளூர் மொழிகளும் கலந்து சவகானோன்னு ஒரு புது மொழியே பிறந்துச்சு. சம்போவாங்காவுல இன்னிக்கும் அது வீட்டு மொழி, கடைத்தெரு மொழி. ரெண்டு கூட்டமும் வெளியூர்லருந்து வந்த படைவீரர்கள். ஒண்ணு மொழியை உண்டாக்கிட்டுப் போச்சு, இன்னொண்ணு மொழியை இழந்துச்சு. சம்போவாங்கா வீரனுக்குப் பின்னாடி ஒரு கோட்டை இருந்துச்சு, சர்ச் இருந்துச்சு, அடுத்த கப்பல்ல அதே மொழி பேசுற இன்னொருத்தன் வந்தான். காயின்டா சிப்பாய்க்கு அடுத்த கப்பலே கிடையாது. ஓடிவந்தவன் தன் மொழியைச் சத்தமா பேசினா மாட்டிக்குவான். போதாக்குறைக்கு வந்தது ஆம்பளைங்க மட்டும். பிள்ளைங்க அம்மா பேச்சைத்தானே பேசும்?

இப்போ அந்த அம்மா பேச்சுக்கு வருவோம். பிலிப்பைன்ஸ்ல எத்தனை மொழின்னு கேட்டா, எண்ணுற ஆளைப் பொறுத்து 130-லருந்து 180-க்கு மேல வரைக்கும் பதில் வரும். தகாலோக், செபுவானோ, இலொகானோ, ஹிலிகாய்னோன், பிக்கோல், வாராய்னு பட்டியல் நீளும். எல்லாம் ஒரே ஆஸ்திரோனேசியக் குடும்பம்தான், ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் புரியாது. தமிழும் கன்னடமும் மாதிரின்னு வெச்சுக்கோங்க. லங்காம்னு சொன்னா மணிலாக்காரருக்கு எறும்பு, செபுக்காரருக்குப் பறவை. ஆனா செபுவானோ பேசுறவங்ககிட்ட போய்க் கேட்டா, அவங்கள்ல நிறைய பேர் தன் மொழியையே "டயலக்ட்"னுதான் சொல்லுவாங்க. கோடிக்கணக்கானவங்க பேசுற மொழி, இலக்கணம் இருக்கு, இலக்கியம் இருக்கு, பத்திரிகை இருக்கு. இருந்தும் வட்டார வழக்கு!

எப்படி இப்படி ஆச்சு? 1935 அரசியல் சாசனம், இருக்கிற மொழிகள்ல ஒண்ணை அடிப்படையா வெச்சு ஒரு தேசிய மொழி உருவாக்கணும்னு சொல்லுச்சு. 1936-ல அதுக்கு ஒரு நிறுவனம். தலைவர் ஹைமே டே வெய்ரா, வாராய் பேசுற பகுதிக்காரர். பல மொழிக்காரங்களும் இருந்த அந்தக் குழு தகாலோக்கைப் பரிந்துரை பண்ணுச்சு. தலைநகரோட மொழி, புத்தகங்கள் அதிகம், பரவலா புரியும்ங்கிறது காரணம். ஜனாதிபதி மானுவல் கெசோன் 1937 டிசம்பர் 30-ல அறிவிச்சார். அவருக்கும் தாய்மொழி தகாலோக்தான்.

1937-ங்கிற வருஷத்தைக் கேட்டதும் உங்கள்ல சிலருக்கு மணி அடிச்சிருக்கும். அதே வருஷம் ஜூலையில மெட்ராஸ் மாகாணத்துல ராஜாஜி முதலமைச்சரா வர்றார். ஆகஸ்ட்ல பள்ளிகள்ல இந்தி வரும்னு சொல்றார். 1938 ஏப்ரல்ல 125 பள்ளிகள்ல கட்டாயம்னு உத்தரவு. ஊர்வலம், மறியல், கைது. 1939-ல சிறையில நடராசனும் தாளமுத்துவும் சாகுறாங்க. 1940 பிப்ரவரியில உத்தரவை அரசு திரும்ப வாங்கிடுது. அங்க பிலிப்பைன்ஸ்ல அதே 1940 ஜூன்ல பள்ளிகள்ல தேசிய மொழிப் பாடம் தொடங்குது. மெட்ராஸ்ல கதவு மூடின நாலாவது மாசம் மணிலாவுல கதவு திறக்குது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு, அதே இந்தியைச் சொல்லிக்கொடுக்கிற தட்சிண பாரத் ஹிந்தி பிரச்சார் சபா தி.நகர்லதான் இருக்கு. காந்தி 1918-ல தொடங்கினது. உத்தரவு போட்டப்ப தெருவுல இறங்கின அதே ஊர்ல, பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷான்னு வரிசையா பரீட்சை எழுதின வீடுகள் எத்தனை! எங்க மாடிவீட்டு மாமி பிரவீண் வரைக்கும் போனவங்க. தானா போய்க் கத்துக்கிட்டா பரீட்சை, கட்டாயம்னா போராட்டம். மெட்ராஸ்க்காரங்களுக்கு அந்த வித்தியாசம் நல்லா தெரியும்.

மணிலாவுல பேரை மாத்திப் பாத்தாங்க. 1959-ல தகாலோக் அடிப்படை மொழிக்கு பிலிபினோன்னு பேர். 1987 சாசனத்துல அது ஃபிலிபினோ ஆச்சு. ஒரு எழுத்துதான் மாறுச்சு. பழைய தகாலோக்ல அந்த ஃப ஒலியே கிடையாது, நம்ம தமிழ் மாதிரியேதான். எல்லா மொழிகளுக்கும் இடம் இருக்குன்னு காட்டத்தான் அந்த எழுத்துன்னு விளக்கம் சொன்னாங்க. செபுக்காரங்க பலருக்கு அது சட்டை மாத்தின தகாலோக்தான். 1950-கள்லருந்து 1980-கள் வரைக்கும் வீட்டு மொழியாப் பேசுறவங்க எண்ணிக்கையில செபுவானோதான் முன்னாடி இருந்துச்சுங்கிறதை இந்த இடத்துல ஞாபகம் வெச்சுக்கணும். எண்ணிக்கை செபுவுல இருந்துச்சு, அலுவலகம் மணிலாவுல இருந்துச்சு.

எண்ணிக்கைன்னதும் எனக்குக் கை அரிக்கும், தொழில் அப்படி. 2020 கணக்கெடுப்புல பிலிப்பைன்ஸ் வீடுகள்ல தகாலோக் 39.9 சதவீதம். அடுத்து "பிசாயா" 16 சதவீதம். கொஞ்சம் கீழே தனியா "செபுவானோ" 6.5 சதவீதம். பிசாயான்னு எழுதினவங்கள்ல பெரும்பாலானவங்க பேசுறது செபுவானோதான். கேட்டப்ப ஒரு வீட்ல ஒரு பேர், பக்கத்து வீட்ல இன்னொரு பேர் சொல்லியிருக்காங்க. டேட்டாபேஸ் பாஷையில, ஒரே ஆளுக்கு ரெண்டு ஐடி. சேர்த்தா 22.5, பிரிச்சா ரெண்டு சின்ன மொழி.

நம்ம ஊர்ல இதுக்கு நேர் எதிர். 2011 கணக்கெடுப்புல மக்கள் தாய்மொழின்னு சொன்ன பேர்கள் 19,569. அதைச் சலிச்சு 1,369 தாய்மொழி ஆக்கினாங்க. அதையும் கூட்டிக் குறைச்சு, பத்தாயிரம் பேருக்கு மேல பேசுற மொழிகள் 121. போஜ்புரி பேசுற அஞ்சு கோடிப் பேர் இந்தி கணக்குல. இதைச் சொன்னா சென்னையில எல்லாரும் கை தட்டுவாங்க, பல தடவை பாத்திருக்கேன். அதே பட்டியல்ல தமிழுக்குக் கீழே என்ன இருக்குன்னு பாத்தவங்க கம்மி. இருளர் மொழி, எருகலா, கைகாடி, கொரவா எல்லாம் தமிழ் கணக்குல. நீலகிரியிலயும் அட்டப்பாடியிலயும் பேசுற இருளர் மொழியைப் பத்தி செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் தனியா புத்தகமே எழுதியிருக்கார், தமிழுக்கு நெருக்கமான ஆனா தனி மொழின்னு. நம்ம எண்ணிக்கை கூடும்போது நாம கேள்வி கேக்குறதில்லை. போஜ்புரிக்காகப் பேசுற வாய் இருளர் மொழிக்காகவும் பேசணும்ங்கிறது என் கட்சி. இதுக்காக நீங்க எனக்கு நீளமா மெயில் போடலாம், படிக்கிறேன்.

மொழிக்குள்ளேயே இருக்கிற மேல் கீழும் இதே கணக்குதான். மயிலாப்பூர் கோயில் தெருவுலருந்து பத்து நிமிஷம் நடந்தா நொச்சிக்குப்பம். அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே ஊரூர் ஆல்காட் குப்பம். கடல் நீரோட்டத்துக்கு அங்க இருக்கிறவங்ககிட்ட தெண்டி, வன்னின்னு தனித்தனிப் பேர் இருக்கு. வலையை எங்க போடணும், இன்னிக்குப் போகலாமா வேணாமாங்கிற முடிவே அந்தச் சொல்லுக்குள்ள இருக்கு. சினிமாவுல அந்தப் பேச்சு காமெடிக்கும் ரவுடிக்கும் மட்டும். 2000-லருந்து நகருக்குள்ள இருந்த குடிசைப் பகுதிகளை கண்ணகி நகருக்கும், சுனாமிக்கு அப்புறம் செம்மஞ்சேரிக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனாங்க. மெட்ராஸ் பாஷை பேசுற ஆயிரக்கணக்கானவங்க மெட்ராஸை விட்டு வெளியே போனாங்க. சென்னைத் தமிழ்னு நாம பெருமையா டீ-ஷர்ட்ல போட்டுக்கிறது அவங்க பேச்சைத்தான்.

பிலிப்பைன்ஸ்ல இப்போ என்ன நிலைமை? 2013-ல ஒரு நல்ல சட்டம் வந்துச்சு, மூணாம் வகுப்பு வரைக்கும் தாய்மொழியில பாடம்னு. 2024 அக்டோபர்ல இன்னொரு சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிடுச்சு. எல்லா மொழிக்கும் புத்தகமும் வாத்தியாரும் கிடைக்கலைங்கிறது காரணம். வகுப்பறை திரும்பவும் ஃபிலிபினோவுக்கும் ஆங்கிலத்துக்கும்.

கடைசியா, இப்போ நடந்துக்கிட்டு இருக்கிற மெட்ராஸ்–மணிலா ரூட். இந்தத் தடவை போறது சிப்பாய் இல்லை, எம்பிபிஎஸ் கனவோட பிளஸ் டூ முடிச்ச பசங்க. டாவோ நகரத்துல தமிழ்ப் பிள்ளைங்க ஏகப்பட்ட பேர். என் ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தி, அடையாறுக்காரி, அப்படித்தான் போனா. இங்க இருந்த ஒரு கன்சல்டன்சி "அது முழுக்க இங்கிலீஷ் பேசுற நாடும்மா"ன்னு அவ அப்பா அம்மாகிட்ட சத்தியம் பண்ணாத குறை. பாடம் இங்கிலீஷ்லதான். வார்டுக்குள்ள போனா பேஷன்ட் பேசுறது பிசாயா. தகாலோக் யூட்யூப் பாத்துக் கத்துக்கிட்டுப் போனவளுக்கு அங்க அதுவும் பாதிதான் உதவுச்சு. டாவோவுல தகாலோக்ல கேட்டா பதில் வரும், ஆனா வலியைப் பத்தி ஒரு பாட்டி பேசுறது வீட்டு மொழியிலதான்.

அவ முதல்ல கத்துக்கிட்ட வாக்கியம் "ஆஸா டாபிட் அங் சகிட்?" எந்தப் பக்கம் வலிக்குதுன்னு அர்த்தம். செபுவானோவுல ஆஸான்னா எங்கே. தகாலோக்ல அதே ஒலிக்கு நம்பிக்கைன்னு பொருள், சமஸ்கிருதம் வழியா போன நம்ம ஆசைதான் அது. முகாம்னு நினைக்காதீங்க, முக்ஹான்னா முகம். குரோன்னா குரு. மாங்கான்னா மாங்காயேதான், தமிழ்லருந்து மலாய் வழியா அங்க போன சொல். சொல்லெல்லாம் எப்பவோ போய்ச் சேந்துடுச்சு.

அவ நோட்டுப் புத்தகத்தை வீடியோ கால்ல காட்டினா. இடது பக்கம் பிசாயா, வலது பக்கம் தமிழ். இங்கிலீஷ் காலம் இல்லை. ஏன்னு கேட்டேன். "ஹப்டோஸ்னு ஒரு சொல் இருக்குடா, எரிச்சலா காந்துற வலி. நம்ம காந்துதுங்கிறது சரியா பொருந்துது. அப்புறம் ஙுத்ஙொத்"னு சொன்னா. பேசும்போதே அந்த ஙகரத்துல சிரிப்பு வந்துடுச்சு அவளுக்கு. சின்ன வகுப்புல நாம ஙகரத்துக்கு ஒரு சொல் கிடைக்காம அல்லாடினோம், அங்க ஙகரத்துல தொடங்காத பேச்சே இல்லை. ஙுத்ஙொத்துக்கு நேரே அவ எழுதியிருந்தது: பல்வலி மாதிரி, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.